சாமி இருமக் கூடாது

"இந்த வருஷம் எங்கப்பாவுக்குச் சாமி வரக்கூடாது."

கோயில் மண்டபத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த ஆம்பளைகள் அத்தனை பேரும் ஒன்றாகத் தலையைத் திருப்பினார்கள். முனியாண்டி கோயில் திருவிழாவுக்காகக் கூடிய கூட்டம் அது. பொம்பளைகள் வந்தால் வெளியே தகரக் கொட்டகையில் நிற்பார்கள், கேட்பார்கள், போவார்கள். தனுஷிகா செருப்போடு சேர்த்து அந்த வழக்கத்தையும் வெளியே கழற்றிப் போட்டுவிட்டு மண்டபத்தின் நடுவில் வந்து நின்றாள்.

காலையில்கூட அம்மா ராக்காயி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். "சம்பளத்தக் கேளு, ரோட்டக் கேளு, தோட்டத்துத் தொரைகிட்டப் போயி வீடு கேளு. சாமி விசயத்த மட்டும் கேக்காத. ஒன் காலுல வேணும்னாலும் விழுறேன்."

கோயில் தலைவர் யோகேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உறவுமுறையில் அவளுக்கு மாமா.

"என்ன புள்ள சொன்ன?"

"அப்பா மேல சாமி எறங்கக் கூடாதுன்னு சொன்னேன் மாமா. எறங்குனா சுருட்டுக் குடிக்கணும். குடிச்சா அவரு நெஞ்சு தாங்காது."

"முனியாண்டிக்கு லீவு லெட்டர் எழுதிக் குடுக்க வந்திருக்கு டீச்சர்," என்றான் பின்னாலிருந்து ஒருவன். மண்டபம் சிரித்தது.

"கேம்பஸ் படிச்ச புள்ளைல்ல. சாமிக்கே கண்டிசன் போடும்."

"சிரிங்க. போன தை மாசம் ஆஸ்பத்திரிக்கு அவரத் தூக்கிட்டுப் போனப்ப இதுல எத்தன பேரு வந்தீங்க?" என்றாள் தனுஷிகா.

சிரிப்பு நின்றது. அவளுடைய அப்பா செல்லசாமி தூணோரமாக உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

செல்லசாமிக்கு வயது ஐம்பத்து மூன்று. வட்டவளைக்கு மேலே இந்தத் தேயிலைத் தோட்டத்தில் கான் என்கிற வடிகால் வெட்டுவதும், செடிகளைக் கவ்வாத்து வெட்டுவதும்தான் அவர் வேலை. பதினான்கு வயதில் வாய்க்கு வந்த பீடி, நாளைக்கு இரண்டு கட்டு என்று வளர்ந்து, தை மாதத்தில் ஒரு விடியற்காலை அவரைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்துவிட்டது. உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு உள்ளே போனதே தவிர வெளியே வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். கடைசி நாள் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். இருபத்தாறு வயசு மகள் பக்கத்தில் நின்று, "இன்னும், இன்னும், விடாதீங்க" என்று கத்த, அவர் ஊதிய ஊதலில் மிஷினின் கோடு ஏறவே இல்லை.

டொக்டர் சிங்களத்தில் பேசினார். "ஆயே பொன்ன எபா." இனிமேல் குடிக்கவே கூடாது. மற்றதையெல்லாம் தனுஷிகாதான் தமிழில் சொன்னாள். அழிந்துபோன காற்றறைகள் திரும்ப முளைக்காது. ஆனால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். இன்றைக்கே நிறுத்தினால் உடம்பு இன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடும். ஒரு நாளில் இரத்தத்திலிருக்கும் புகைநஞ்சு இறங்கும். மூன்று மாதத்துக்குள் மூச்சு கொஞ்சம் நீளும். ஒன்பது மாதத்துக்குள் இருமல் குறையும்.

பேராதனையில் உயிரியல் படித்தவள். கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குச் சுவாசத் தொகுதி நடத்துகிறவள். முப்பது பிள்ளைகளுக்கு விளங்க வைத்ததை ஓர் ஆளுக்கு விளங்க வைக்க அவள் படாத பாடு பட்டாள்.

முதல் வாரம் செல்லசாமி வீட்டில் இருந்த கோப்பை, பீங்கான் எல்லாவற்றையும் உடைத்தார். இரண்டாவது வாரம் அழுதார். மூன்றாவது வாரம்தான் உண்மையான ஆபத்து வந்தது. இருமல் கூடிவிட்டது. கறுப்புக் கறுப்பாகச் சளி வந்தது. வரிசை வீடுகளாக நீளும் லயம் முழுக்க வைத்தியரானது. "நாப்பது வருஷம் குடிச்ச மனுசன், ஒரு நாள் இருமுனாரா? விட்டாரு, வந்துருச்சு வியாதி." "இந்தக் குளிருக்குப் புகை போனாத்தான் சளி எளகும்." ராக்காயியே ஒரு கட்டுப் பீடியை வாங்கி அரிசி வாளிக்குள் மறைத்து வைத்திருந்தாள். புருஷன் பாடு பொறுக்காமல்தான்.

தனுஷிகா அந்தக் கட்டை அடுப்பில் போட்டாள். பிறகு அப்பா முன்னால் உட்கார்ந்தாள்.

"அப்பா, கான் வெட்டுற ஆளுங்க மாசக்கணக்கா வேலைக்கு வராட்டி கான் என்னா ஆகும்?"

"சேறு ரொம்பும். அடைச்சுக்கும்."

"திரும்ப ஆளு எறங்கி வெட்டுனா?"

"மொதல்ல கலங்கித்தான் ஓடும். நாத்தம் கொடலப் புடுங்கும்."

"அதுதான் இது. நெஞ்சுக்குள்ள தூசியத் தள்ளுறதுக்குப் பொடிப்பொடி மயிரு மாதிரி இருக்கு. பிசிருன்னு சொல்லுவோம். ஒங்க புகை அதுகள அடிச்சுப் படுக்கப் போட்டிருந்துச்சு. இப்பத்தான் பெரட்டுல பேரு குடுத்து வேலைக்கு எறங்கியிருக்கு. சேறு வருதுன்னா கான் வெட்டுறாங்கன்னு அர்த்தம்."

செல்லசாமி நெஞ்சைத் தடவிப் பார்த்தார். அவருடைய முப்பத்தைந்து வருஷ வேலையை யாரும் இப்படி அவர் நெஞ்சுக்குள் கொண்டுபோய் வைத்ததில்லை. அதற்குப் பிறகு அவர் பீடி கேட்கவில்லை. ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும் நூற்றுப் பன்னிரண்டு படியில் நாலு தரம் உட்கார்ந்தவர், ஒன்பதாவது வாரம் ஒரே தரம் உட்கார்ந்து ஏறி வந்தார். வந்து நின்று, "பாத்தியா?" என்று கேட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

அந்தச் சிரிப்புக்காகத்தான் அவள் இந்த மண்டபத்துக்குள் வந்திருந்தாள். ஏனென்றால் திருவிழா வந்துவிட்டது. முனியாண்டி இறங்கினால் லயத்துக்கு ஒன்றாக ஐந்து லயத்துக்கும் ஐந்து சுருட்டு. பெருவிரல் தண்டியில், காரம் ஏறிய சுருட்டு. ஒரு லயத்துச் சுருட்டைச் சாமி வாங்கவில்லையென்றால் அந்த லயத்துக்கு அந்த வருஷம் ஆகாது என்று அழுவார்கள். அதனால் நாலோடு நிறுத்தவும் முடியாது. ஐந்தையும் முடித்து அந்தச் சாம்பலைத்தான் சாமி எல்லோருக்கும் பூசும்.

"நான் சாமிய வேணாங்கல," என்றாள் தனுஷிகா. "சுருட்ட ஏத்தி அருவாளுக்கு முன்னால வைங்க. அஞ்சும் அங்கேயே எரியட்டும். அந்தச் சாம்பல எடுத்துப் பூசுங்க. எங்கப்பா வாய் எதுக்கு?"

யோகேஸ்வரன் கெட்ட மனிதர் இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "அப்பிடியும் சில கோயில்ல செய்றாங்கதான்," என்று இழுத்தார். பூசாரியைப் பார்த்தார். பூசாரி தலையை ஆட்டுவதுபோல இருந்தது. தனுஷிகா ஓரடி முன்னால் வந்தாள். இத்தனை சுலபமா இது?

அப்போதுதான் செல்லசாமி எழுந்தார்.

"அதெல்லாம் வேணாங்க தலைவரே. சின்னப் புள்ள, தெரியாமப் பேசுது. வழக்கம் போல நானே காப்புக் கட்டிக்கிறேன்."

"அப்பா!"

"வீட்டுக்குப் போ தனு."

"டொக்டர் என்னா சொன்னாரு?"

"சாமி குடிக்கிற சுருட்டு என்னைய ஒண்ணும் செய்யாது. போ."

மண்டபம் இப்போது அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பரிதாபப்பட்டது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை செல்லசாமிக்குக் காப்புக் கட்டினார்கள். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறியதும், யோகேஸ்வரன் வருஷா வருஷம் சொல்வதை அந்த வருஷமும் சொன்னார். காப்புக் கட்டிய வீட்டு ஆள் ஒருத்தரும் தோட்டத்து எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. வேலைக்குப் போகலாம், பள்ளிக்கூடத்துக்குப் போகலாம், பொழுதுபட்டால் வீட்டில் இருக்க வேண்டும். மீறினால் காப்பு முறிந்தது. அந்த வருஷம் அந்த வீட்டு ஆள் மேல் சாமி இறங்காது. சும்மா சொல்லுகிற பேச்சில்லை அது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கரகம் எடுக்கிற சின்னையாவின் மகன் லோஜன், கொழும்புக்குப் போய் ரயிலைத் தவறவிட்டு அங்கேயே படுத்துவிட்டான். விடிந்ததும் சின்னையாவிடமிருந்து கரகத்தை வாங்கிவிட்டார்கள். சின்னையாவை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவர் என்ன செய்வார், பிள்ளை அப்படி! லோஜனைத்தான் இன்றைக்கும் கோயில் பக்கம் அண்ட விடுவதில்லை.

தனுஷிகா அன்று அதைக் காதில் வாங்கிக்கொண்டதோடு சரி. அவளுக்கு வேறு யோசனை இருந்தது. எட்டு நாள் இருக்கிறது, எட்டு நாளில் அப்பாவின் மனசை மாற்றிவிடலாம் என்று நினைத்தாள். சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். நெஞ்சுப்படத்தை எடுத்துக் காட்டினாள். சாப்பிடாமல் கிடந்தாள். செல்லசாமி ஒவ்வொரு தரமும் எழுந்து வெளியே போனார். கதவைச் சாத்தியதுபோல் ஒரு முகம்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, லயத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இருமல் கேட்டது. சாதாரண இருமல் இல்லை. குடலைப் புரட்டிக்கொண்டு, நடுவில் மூச்சுக்குத் தவித்து, மறுபடியும் புரட்டுகிற இருமல். பையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

செல்லசாமி தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். காலடியில் வாந்தி. காப்புக் கட்டிய கையில் பீடி.

"எத்தன நாளா?"

அவர் கண்ணைத் துடைத்தார். "ஞாயித்துக் கெழமையிலருந்து. காலையில ரெண்டு, பொழுதுக்கு ரெண்டு."

"ஏன்ப்பா?" என்றாள்.

"நெஞ்சு ஏத்துக்க மாட்டேங்குது தனு. முன்னெல்லாம் அது பாட்டுக்கு உள்ள போகும். இப்ப ஒரு இழுப்பு இழுத்தாத் தூக்கி வெளிய எறியுது. அஞ்சு சுருட்டு எப்பிடிக் குடிப்பேன்? அத்தன சனம் பாத்துக்கிட்டு நிக்கையில சாமி இருமலாமா? சாமி இருமக் கூடாது. அதான் பழக்கிக்கிறேன்."

ஒன்பது வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பி வந்த நெஞ்சு. புகையைத் தூக்கி எறியும் பலம் இப்போதுதான் அதற்கு வந்திருக்கிறது. அந்தப் பலத்தைத்தான் இந்த மனுசன் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று கணக்கு வைத்துக் கொன்றுகொண்டிருக்கிறார்.

"சாமி குடிக்கிற சுருட்டு ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னீங்களே. அப்பறம் எதுக்குப் பழகுறீங்க?"

செல்லசாமி பீடியைத் தொட்டியில் தேய்த்து அணைத்தார். சுற்றிப் பார்த்தார். யாருமில்லை.

"சாமி வந்து ஏழு வருஷமாச்சு."

"என்னா?"

"ஏன்னு தெரியல. உடுக்கு அடிக்கிறாங்க, நிக்கிறேன், ஒண்ணும் வரல. வெறும் செல்லசாமிதான் நிக்கிறேன். பயந்து போயிட்டேன். சுருட்ட வாங்கி ஓங்கி இழுத்தேன். தல கிறுகிறுன்னுச்சு. அந்தச் சுத்துல ஆடிட்டேன். அதுலருந்து வருஷா வருஷம் அப்பிடித்தான். சுருட்டு இல்லாட்டி எனக்கு ஆடவே வராது தனு."

மலைச்சரிவில் மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. அவள் அப்பாவின் முகத்தை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அப்ப விட்டுருங்கப்பா. வராத சாமிக்காக ஏன் சாகுறீங்க?"

"விட்டுட்டு? நான் யாரு? கங்காணிப் பய, என் மகன் வயசு, டேய்ங்கிறான். வருஷம் பூராவும் டேய்தான். அந்த ஒரு நாளுதான் எங்கள மேய்க்கிற கண்டாக்கையா கூடச் சப்பாத்தக் கழட்டிட்டு என்கிட்டக் குனிஞ்சு துன்னூறு வாங்குறாரு."

"ஒரு நாளுக்கு?"

"நீ படிச்சுட்ட. ஒனக்கு வருஷம் பூராவும் டீச்சர், டீச்சர்ங்கிறாங்க. எனக்கு ஒரு நாளு." அவர் வாயைத் துடைத்தார். "இருமி இருமிச் செத்தான்னு பேரு வாங்குறதுக்கு சாமியாடிச் செத்தான்னு வாங்கிட்டுப் போறேன். யார்கிட்டயும் சொல்லிராத. ஒங்கம்மாவுக்கும் தெரியாது."

அவர் மேலே ஏறிப் போனார். தனுஷிகா தொட்டித் திண்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அப்பா மேலும் ஆத்திரம், டேய் என்றவன் மேலும் ஆத்திரம், ஒரு மனுசனுக்கு மரியாதை வேண்டுமென்றால் அவன் சாமியாக வேண்டும் என்று வைத்திருக்கிற இந்தத் தோட்டத்து மேல் எல்லாவற்றையும்விட ஆத்திரம்.

மண்டபத்தில் போய் உண்மையைப் போட்டு உடைத்தால் என்ன? சுருட்டு நின்றுவிடும். ஆனால் ஏழு வருஷமாக இந்த வாயிலிருந்து குறி கேட்டவர்கள் இருக்கிறார்கள். பிரேமினி அக்கா மகளைக் கட்டிக் கொடுத்தது இந்தக் குறியைக் கேட்டுத்தான். திலக்‌ஷன் வெளிநாட்டுக்குப் பணம் கட்டியதும் அதைக் கேட்டுத்தான். காறித் துப்புவார்கள். அப்பா அதற்குப் பிறகு எத்தனை நாள் உயிரோடு நடமாடுவார்? நெஞ்சைக் காப்பாற்றி ஆளைக் கொல்வதா?

நாளை மறுநாள் சாமி இறங்க வேண்டும். இறங்கவும் கூடாது, இறங்காததற்கு அப்பா பழி ஏற்கவும் கூடாது. அந்த இடத்தில்தான், தொட்டித் திண்டில் உட்கார்ந்திருக்கையில், அவளுக்குச் சின்னையாவின் மகன் லோஜன் நினைவுக்கு வந்தான்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். வீட்டில் ராக்காயி திருவிழாவுக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தாள். தனுஷிகா கட்டிலுக்கு அடியிலிருந்த பெரிய பையை இழுத்து உடுப்புகளை அடுக்கத் தொடங்கினாள்.

"என்னடி இது?"

"கொட்டகலையில எங்கூடப் படிப்பிக்கிற நிலக்‌ஷி வீட்டுல இன்னிக்கு ராத்தங்கப் போறேன்."

உலக்கை நின்றது. "காப்புக் கட்டியிருக்குடி."

"தெரியும்."

"முறிஞ்சு போகும்."

"முறியட்டும்னுதான் போறேன்."

ராக்காயி வந்து பையைப் பிடித்தாள். "கூறு கெட்டுப் போச்சா ஒனக்கு? தோட்டமே ஒன்னையக் காறித் துப்பும். அந்த லோஜன் பயல வெச்சிருக்கிற மாதிரி வாசல்ல நிறுத்திருவாங்க. நாளைக்கு ஒரு நோய் நொடி வந்தாலும், மழை மண்ணு சரிஞ்சாலும், ஒன் தலையிலதான் போடுவாங்க. எவன் வந்து பொண்ணு கேப்பான்? இந்த வீட்டுப் படிய எப்பிடித் திரும்ப மிதிப்ப?"

"மிதிக்க விட மாட்டாங்க. அதும் தெரியும்."

"ஒங்கப்பா உசிரே அந்தச் சாமிதான்டி."

"நேத்துத் தொட்டிக்கிட்ட நின்னு பீடி குடிச்சாரு. வாந்தி எடுத்தாரு. நான் பாத்தேன்."

ராக்காயியின் கை பையின் மேல் அப்படியே இருந்தது. ஒன்பது வாரமாக அவள் ராத்திரி எழும்பி அவர் மூச்சைக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறாள். அது மகளுக்குத் தெரியும்.

"அந்த அஞ்சையும் குடிச்சா... செத்துருவாரா?"

"நாளைக்கே சாவாருன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா பீடிக்குத் திரும்பிட்டாரு. நாளைக்கு அஞ்சக் குடிச்சா அடுத்த நாளு கட்டுக் கட்டா. மழைக்காலம் தாண்ட மாட்டாரும்மா. நாளைக்கு அந்தச் சுருட்டு இல்லாட்டி அவருக்குப் பழகிக்க ஒரு காரணமும் இல்ல. விட்டாலும் விடுவாரு. அந்த ஒண்ணுதான் கையில இருக்கு."

"விடாட்டி?"

தனுஷிகா பையின் வாயை இழுத்து மூடினாள். ராக்காயியின் விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உரலோரம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"அவரு மத்தியானத்துல மூச்சுக்கு மருந்துப் பம்ப் அடிக்க மறந்துருவாரு. நீ எடுத்துக் குடு," என்றாள் தனுஷிகா. "இருமல் கூடுனா பயந்துக்கிட்டுப் பீடி வாங்கிக் குடுத்துராத."

வாசலோர இஸ்தோப்புத் திண்ணையில் செல்லசாமி உட்கார்ந்திருந்தார். நாளைக்குக் கட்டப்போகும் சிவப்பு வேட்டி மடியில் கிடந்தது. உள்ளே பேசியது அவர் காதில் விழுந்ததோ இல்லையோ, மகளையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து வழியை மறிக்கவில்லை. கத்தவில்லை. மூச்சு மட்டும் கீச்சுக் கீச்சென்றது.

"பொழுதுபட வந்துருவதானே?" என்றார்.

அதைக் கேள்வியாகக் கேட்டாரா, கெஞ்சலாகக் கேட்டாரா, வந்துவிடாதே என்பதற்கு அவருக்குத் தெரிந்த பேச்சு அதுதானா, அவளுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நின்றால் போக முடியாது. செருப்பை மாட்டினாள்.

குறுக்குப் பாதையால் இறங்கினால் ஒருவர் கண்ணிலும் படாமல் ரோட்டுக்குப் போய்விடலாம். அவள் லயத்து நடுவால் நடந்தாள். தண்ணீர் கொட்டும் பீலியடியில் குடத்தோடு நின்ற பொம்பளைகள் பேச்சை நிறுத்திவிட்டுப் பையைப் பார்த்தார்கள்.

"எங்க டீச்சர், பையும் கையுமா?"

"கொட்டகலைக்கு. அங்கதான் படுக்கப் போறேன்," என்றாள், மேல் லயத்துக்கும் கேட்கிற குரலில்.

கோயில் வாசலில் யோகேஸ்வரன் ஏணியில் நின்று தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். அவள் ஏணியடியில் போய் நின்றாள்.

"மாமா, நான் இன்னிக்கு ராத்திரி தோட்டத்துல இல்ல. கொட்டகலையில தங்கப் போறேன். விடிஞ்சப்பறம் தெரியாதுன்னு சொல்லாதீங்க, இப்பவே சொல்லிட்டேன்."

அவர் மெதுவாக ஏணியிலிருந்து இறங்கினார். "காப்பு முறியும் புள்ள. தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரிஞ்சுதான்."

"செல்லசாமி என்னா சொன்னான்?"

தனுஷிகா அவரை நேராகப் பார்த்தாள். "கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. சாமி குத்தமாயிரும், போகாதன்னு காலுல விழாத கொறையாக் கெஞ்சுனாரு. நான்தான் தள்ளிவிட்டுட்டு வந்தேன். அவரு மேல ஒரு சொல்லு சொல்லாதீங்க."

யோகேஸ்வரனின் முகம் சிவந்தது. "பெத்தவன் பேரக் கெடுக்கவா படிச்ச நீ? இந்த எல்லையத் தாண்டுனா இனிமே இந்தக் கோயிலுக்கும் ஒனக்கும் ஒண்ணுமில்ல, கேட்டுக்க."

"கேட்டுக்கிட்டேன்."

அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். பின்னால் அவர் யாரையோ கூப்பிட்டுச் செல்லசாமியை வரச்சொல்லிக் கத்தினார். பீலியடியிலிருந்து பொம்பளைகள் ஓடி வரும் சத்தம் கேட்டது. யாரோ அவளை வாய்க்கு வந்தபடி ஏசத் தொடங்கிவிட்டார்கள். நாலு மணி பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. தனுஷிகா படியில் இறங்கினாள்.